சாவி இல்லாமல் பாடும் ஸ்டீரியோ

காருக்கு ஸ்டீரியோ மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். கடையில் நின்று சத்தத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கி விடுகிறார்கள். கடைக்குள் எல்லா ஸ்டீரியோவும் நன்றாகத்தான் பாடும். நம் காரில் பழையது இருந்த இடத்தில் அது உட்காருமா, யார் கேட்கப் போகிறார்கள், எப்படி உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போக வேண்டும். நான் யோசித்துவிட்டுத்தான் போனேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஐயா, ஸ்டீரியோ கடைக்காரரை நீங்கள் மறுபடியும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தீர்களாம். எங்கள் பக்கத்தில் அவரைக் குருவி என்பார்கள். ஒல்லியான கை, டேஷ்போர்டு இடுக்கில் எங்கே வேண்டுமானாலும் நுழையும். நேற்று எனக்குப் போன் பண்ணி அழுதார். "நான் அந்த ஒயரை அப்படிக் கட்டிக் குடுத்திருக்கக் கூடாது சார்" என்றார். நல்ல மனுஷர். அவர் அழுவதில் நியாயமில்லை. நடந்ததற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அதை நேரில் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். பக்கத்தில் எழுதுகிறவர் மெதுவாகவே எழுதட்டும். எனக்கு அவசரமில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் ஸ்டீரியோவைப் பற்றிச் சொல்ல முடியாது. அண்ணன் பஸ் டிரைவர். அவருக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம். அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனபோது நான் சின்ன வகுப்பில் இருந்தேன். அவர் அப்போதுதான் பஸ் ஓட்ட ஆரம்பித்திருந்தார். சமைக்கத் தெரியாது, கற்றுக்கொண்டார். தலைவாரி விடத் தெரியாது, என் முடியை ஒட்ட வெட்டிவிட்டார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னை வீட்டில் தனியாக விட மனசில்லாமல் பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போவார். இன்ஜின் மூடி மேல் துண்டை விரித்து உட்கார வைப்பார். சூடு தாங்காமல் நான் நெளிந்தால், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே இன்னொரு துண்டை மடித்து நீட்டுவார். என்னைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார். என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே அபூர்வம்.

அவருக்கு ஒரு பெண் பார்த்தார்கள். "தம்பி படிப்பு முடியட்டும்" என்றார். முடிந்தபோது அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை இருந்தது. அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நான் பல் செட் செய்கிற வேலையைக் கற்றுக்கொண்டேன். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் அதற்குப் பல் வரிசை செய்து, தேய்த்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவேன். ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. வாய் மட்டும் தெரியும். வீட்டு மாடி அறைதான் என் பட்டறை. மேஜை ஜன்னலோரம். கீழே வாசல், வாசலில் கார். ஓய்வு பெற்ற அன்று அண்ணன் வாங்கிக் கொடுத்த கார் அது. பழசுதான், ஆனால் இன்ஜினை அவரே காது வைத்துக் கேட்டுப் பார்த்து எடுத்தது.

ஓய்வுக்கப்புறம் எங்களோடு வந்துவிட்டார். என் மனைவிக்கும் மகளுக்கும் அவர் மேல் பிரியம். அவரும் வீட்டுக்குப் பாரமாக இருந்ததில்லை, முதலில்.

ஞாபகம் போக ஆரம்பித்ததை நாங்கள் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். மகள் மாடிப்படியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தால், "படியில நிக்காதம்மா, உள்ள வா, வண்டி எடுக்கணும்" என்பார். அவள் சிரித்துக்கொண்டே, "சரி பெரியப்பா, நீங்க எடுங்க" என்று உள்ளே போவாள். சாப்பிடும்போது வலது காலால் தரையை அழுத்துவார். பிரேக். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். அப்புறம் சிரிப்பு குறைந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்புவார். தடுத்தால் கத்துவார். என் மனைவியைப் பார்த்து, "யாரும்மா நீ, எங்க ஏறின?" என்பார். ராத்திரியில் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் மகள் படியில் நின்றபோது கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அவளைக் காப்பாற்றத்தான் இழுத்தார், அது எனக்குத் தெரியும். ஆனால் தோள் மூட்டு இறங்கிவிட்டது. பரீட்சை நேரம். வலது கை.

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். "பரீட்சை முடியற வரைக்கும்தான்" என்றாள். பரீட்சை முடிந்தது. அவர்கள் வரவில்லை. நானும் எந்த முகத்தோடு கூப்பிடுவது?

நான் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதியவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு விடுதியில் சேர்த்தேன். கொஞ்ச நாளிலேயே அங்கிருந்து போன் வந்தது. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போயிடுங்க. இவர் போடற சத்தத்துல மத்தவங்களுக்குத் தூக்கமே இல்ல." கூட்டி வந்தேன். பெரிய டாக்டரிடம் காட்டினேன். அவர் தலை ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது இனிமே குறையாது, கூடத்தான் செய்யும். ஆனா உடம்பு கல்லு மாதிரி இருக்கு. இன்னும் ரொம்ப வருஷம் இருப்பார்" என்றார். நல்ல செய்தி மாதிரிதான் சொன்னார்.

அண்ணன் அடங்கி இருந்தது காரில் மட்டும்தான். அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். டாக்டரிடமிருந்து திரும்பும்போது பழைய கேசட் ஒன்றைப் போட்டேன். அவர் பஸ்ஸில் போட்டு ஓட்டிய கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய எங்களிடம் உண்டு. எல்லாம் அவரே பஸ்ஸில் ரேடியோ பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தவை. பாட்டு தொடங்கியதும் கத்தல் நின்றது. முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு, வளைவு வந்தால் உடம்பைச் சாய்த்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் முடிந்ததும் கையை நீட்டி, கேசட்டை எடுத்து, திருப்பிப் போட்டார். சட்டைப் பொத்தான் போடத் தெரியாதவர் அதைப் பிசகாமல் செய்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் காரில் சுற்றினோம். ஆனால் எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது என் தொழிலுக்குப் பொருத்தம்தான், என்றாலும் பல் கேட்டு டாக்டர்கள் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர், "உன்னை நம்பி ஒரு கல்யாண வீட்டுக்காரர் பொக்கை வாயோட நிக்கறாருய்யா" என்றார். ஆகவே காரை வாசலில் சுவரோர நிழலில் நிறுத்தி, பாட்டைப் போட்டு, அண்ணனை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு மாடியில் வேலை பார்த்தேன். காலையில் அங்கே நல்ல நிழல். அவருக்கும் திருப்தி, எனக்கும் வேலை ஓடியது. இதில் தவறு ஏதாவது இருக்கிறதா? அப்போது யாரும் தவறு என்று சொல்லவில்லை.

சிக்கல் சாவியில் வந்தது. பாட்டு ஓட வேண்டுமானால் சாவி காரில் இருக்க வேண்டும். ஒரு நாள் இன்ஜின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், அண்ணன் டிரைவர் சீட்டுக்கு மாறியிருந்தார். நான் படியில் இறங்குவதற்குள் கேட்டில் இடித்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "குறுக்க வந்துட்டான், குறுக்க வந்துட்டான்" என்று நடுங்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து சாவியை எடுத்துவிட்டேன். சாவியை எடுத்தால் பாட்டு நின்றுவிடும். பாட்டு நின்றால் கத்துவார். இரண்டு நாள் இப்படி இழுபறியாக இருந்தது. அதோடு அந்த இடியிலோ என்னவோ, பழைய ஸ்டீரியோ கேசட்டை உள்ளே இழுத்துச் சுற்றிக்கொண்டு செத்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இப்படித்தான் குருவியின் கடைக்குப் போனேன்.

முதலில் நானும் எல்லாரையும் போல ஏமாந்தேன். பெரிய திரை வைத்த ஒன்றைக் காட்டினார். போன் பேசலாம், வழி காட்டும், பின்னால் என்ன வருகிறது என்று படம் காட்டும். மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம், அண்ணன் பக்கத்தில். ஒரு முனையில் அது பெண் குரலில், இடது பக்கம் திரும்புங்கள் என்றது. அண்ணன் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார்.

"யாருடா அந்தப் பொண்ணு?"

"யாரும் இல்லண்ணா. மெஷின்."

"எனக்கு வழி சொல்லுதா அது?"

கொஞ்ச தூரம் போனதும் அது மறுபடி சொன்னது. அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. அழுதார். திரையைக் கழற்றி அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது தடவை தேவையை மட்டும் சொன்னேன். திரை வேண்டாம், பேச வேண்டாம். பாட்டு முடிந்தால் தானே முதலிலிருந்து பாட வேண்டும். யாரும் தொட வேண்டியிருக்கக் கூடாது. சாவி இல்லாமல் பாட வேண்டும்.

குருவி கடைசி வார்த்தையில் நின்றார். "சாவியை எடுத்தா நிக்கணும் சார். அதுதான் முறை. இதுல ரெண்டு ஒயர் இருக்கு. மஞ்சள்ல எப்பவும் கரண்ட் இருக்கும். சிவப்புல சாவி போட்டாத்தான் வரும். ரெண்டையும் சேத்துக் கட்டினா எப்பவும் பாடும், ஆனா பேட்டரி இறங்கிடும்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

பானெட்டைத் திறந்து பார்த்தார். "உங்க பேட்டரி பழசு. மத்தியானம் வரைக்கும் தாங்கினாப் பெருசு. புதுசு ஒண்ணு போட்டுக்குங்க சார், என்கிட்டயே இருக்கு."

"அப்புறம் பாக்கறேன்" என்றேன். பார்க்கவில்லை. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓட விட்டு, சின்ன மெமரி ஸ்டிக்கில் ஏற்றிக் கொடுத்தார் குருவி. பாட்டுக்கு நடுவே பஸ் ஸ்டாண்டு இரைச்சலும் கண்டக்டர் விசிலும் பதிந்திருந்தன. "இதையெல்லாம் எடுத்துடவா சார்?" என்றார். இருக்கட்டும் என்றேன். விசில் வரும்போது அண்ணன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். அதை எடுத்துவிட்டால் வண்டி எப்படி நகரும்?

புது ஸ்டீரியோ மாட்டிய அன்று, வழக்கமாகக் கேசட் பக்கம் முடிகிற பாட்டு முடிந்ததும் அண்ணன் கையை நீட்டினார். அங்கே திறக்கிற வாய் இல்லை. விரலால் தடவிப் பார்த்தார். அதற்குள் அடுத்த பாட்டு வந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே திருப்ப வேண்டாம்ணா. அதுவே பாடும்."

"நான் திருப்பறேனே."

"வேண்டாம்ணா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

கையை மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் கையை நீட்டவில்லை. அவருடைய வேலையை மிச்சப்படுத்தினேன் என்றுதான் நினைத்தேன்.

மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக, தேவைக்கேற்ப நடந்தது. ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களை, "ஓரமாப் போ, ஓரமாப் போ" என்று அதட்டினார். ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். கண்ணாடியை ஏற்றினேன். அண்ணன் இறக்கினார். கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடிகளைக் கழற்றி வைத்தேன்; ஒரு திருகுதான், சுலபம். கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். குழந்தைகளுக்கான பூட்டு பின் கதவில்தான் இருக்கிறது. அதைப் போட்டால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஆகவே பின் சீட்டுக்கு மாற்றினேன். வாழ்நாள் முழுக்க முன்னால் உட்கார்ந்தவர், கொஞ்ச நாள் முரண்டு பிடித்தார். கனத்த உடம்பு, முட்டி வலி. சீட்டைத் தாண்டி முன்னால் வர அவரால் முடியாது. அப்புறம் பழகிவிட்டது.

பக்கத்து வீட்டம்மா ஒரு நாள் மாடிக்கே வந்து சொன்னார். "தம்பி, நிழல் போயிடுச்சு. பெரியவர் முகமெல்லாம் செவந்து கெடக்கு. கொஞ்சம் இறக்கி உள்ள விடுங்க." நன்றி சொல்லி, அவர் எதிரிலேயே அண்ணனை இறக்கி உள்ளே கூட்டிப் போனேன். மறுநாள் காரின் பக்கக் கண்ணாடிகளுக்குத் திரை தைத்து மாட்டினேன். வெயிலுக்குத் திரை நல்லதுதானே. அந்த அம்மாவும், "நல்ல காரியம் பண்ணீங்க" என்றார்.

ஒரு முறை ஒரு டாக்டருக்கு அவசரமாகப் பல் செட் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில்தானே என்று நடந்தே போனேன். அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது நிழல் எப்போதோ நகர்ந்துவிட்டிருந்தது. அண்ணன் சட்டையெல்லாம் நனைந்து, தலை ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தார். பயந்துதான் போனேன், பொய் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு உள்ளே போய், துடைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கண் திறந்தார். சாயங்காலம் நான் ஊட்டியதைச் சாப்பிட்டார். கத்தவில்லை. கதவைத் தட்டவில்லை. குழந்தை மாதிரி தூங்கினார். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. நான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, மென்று சாப்பிட்டேன். நின்றபடி அள்ளிப் போட்டுக்கொண்டே பழகிப்போனவனுக்கு அது எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

வெயில் அவரை அடக்குகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மாத்திரை அடக்கவில்லை, விடுதி அடக்கவில்லை, என் கெஞ்சல் அடக்கவில்லை. அதற்கப்புறம் காரைச் சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். எவ்வளவு நேரம் வைத்தால் எந்த அளவுக்கு அசருவார் என்று ஒரு கணக்கு கைக்கு வந்துவிட்டது. பட்டறையில் மெழுகுக்குச் சூடு காட்டுகிற மாதிரிதான். அதிகமானால் உருகிவிடும். நான் அதிகமாக விட்டதில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்றை எப்போதும் பக்கத்தில் வைத்திருப்பேன். அண்ணன் நாளுக்கு நாள் மெலிந்தார். பாட்டுக்குக் கால் அழுத்துவது நின்றது. பார்க்க வந்த ஒன்றிரண்டு பேர், "எவ்வளவு சாந்தமாயிட்டார், நீங்க நல்லா கவனிச்சுக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த நாளைப் பற்றி இப்போது சொல்கிறேன்.

காலையில் மனைவி போன் பண்ணினாள். மகளுக்கு நம் ஊர்க் கல்லூரியிலேயே இடம் கிடைத்துவிட்டதாம். குரலில் ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷம் தெரிந்தது.

"உங்க அண்ணன் எப்படி இருக்கார்?" என்று கேட்டாள்.

"இருக்கார்."

"சரி, அவ ஹாஸ்டல்ல இருக்கட்டும். நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள்.

"எதுக்கு ஹாஸ்டல்? ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. நான் ஏற்பாடு பண்றேன்."

"என்ன ஏற்பாடு?"

"பண்றேன்னு சொல்றேன்ல."

அவளுக்கு எதுவும் தெரியாது. அவளை நீங்கள் விசாரிக்கத் தேவையில்லை.

அண்ணனைக் குளிப்பாட்டினேன். வெளுத்த சட்டையாகப் பார்த்துப் போட்டு, பொத்தான் போட்டு, தலை வாரிவிட்டேன். காரில் ஏற்றும்போது, "வண்டி எங்க போகுது?" என்று தெளிவாகக் கேட்டார். "பக்கத்துலதாண்ணா" என்றேன். தலையாட்டினார். காரை வாசலின் நடுவில் நிறுத்தியிருந்தேன். அங்கே எந்த நேரத்திலும் நிழல் வராது. தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தேன். திரும்ப மேஜையில் வைத்துவிட்டேன். முதல் நாள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் பாட்டில் மறந்து போச்சு என்று இருக்கும். அதை அடித்துவிடுங்கள். மறக்கவில்லை.

பாட்டைப் போட்டு, கதவைச் சாத்தி, மாடிக்குப் போனேன். ஒரு கீழ்வரிசைப் பல் செட் பாதியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விசில் வந்தது, போனது. பிறகு, எதிர்பார்த்தபடி, பாட்டு விட்டு விட்டு வந்து, நின்றது. பேட்டரி.

பாட்டோடு சேர்ந்து அவரும் அடங்கிவிடுவார் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. பாட்டு நின்றதும் விழித்துக்கொண்டார். கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டுகிற சத்தம் கேட்டது. வேகமாக இல்லை, பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டுவார்களே, அந்த மாதிரி. அப்புறம் கூப்பிட்டார்.

"குட்டி."

என்னை அவர் அப்படிக் கூப்பிட்டு ரொம்ப காலமாகியிருந்தது. விடுதிக்குப் போவதற்கு முன்பே நான் யாரென்று அவருக்கு மறந்துவிட்டது. என்னை மெக்கானிக் என்பார், செக்கிங் ஆபீசர் என்பார். இப்போது சரியாகச் சொன்னார். "குட்டி, சூடா இருக்குடா."

நான் எழுந்து நின்றேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், எழுந்தேன். படிவரைக்கும் போனேன். கீழே போய்க் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். தண்ணீர் குடிப்பார். கொஞ்ச நேரத்தில் என்னை மறந்துவிடுவார். நாளைக்கு மறுபடி கத்துவார். என் மனைவி வர மாட்டாள். மகள் ஹாஸ்டலுக்குப் போவாள். டாக்டர் சொன்ன அந்த வருஷங்கள் எல்லாம் அப்படியே முன்னால் கிடக்கும். திரும்பி வந்து உட்கார்ந்து பாலிஷ் மோட்டாரைப் போட்டேன். அந்த மோட்டார் ஓடினால் வேறு எதுவும் காதில் விழாது.

காரின் பின்பக்கம் வீட்டைப் பார்த்து இருந்தது. பக்கத்துக்குத்தான் திரை, பின் கண்ணாடிக்கு இல்லை. தலையைத் தூக்கியபோது அண்ணன் சீட்டில் திரும்பி, மண்டியிட்டு, மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. என்னைப் பார்த்தார். பார்த்து, கையைத் தூக்கி, முன்னும் பின்னும் அசைத்தார். பின்னால் வருகிற வண்டிக்கு டிரைவர்கள் காட்டுவார்களே, ரோடு காலியாக இருக்கிறது, நீ முந்திப் போ என்று, அந்த அசைவு. எனக்காகப் பெண் வேண்டாம் என்று சொன்ன மனுஷர், இதற்கும் வழி விட்டார். அவர் உதவிக்குத்தான் கூப்பிட்டிருப்பார் என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் பஸ் டிரைவரோடு வளர்ந்தவர் இல்லை, ஐயா. எனக்கு அந்தக் கை தெரியும்.

பல் செட் அன்றைக்குப் பிரமாதமாக வந்தது. ஒரு கீறல் இல்லை. வேலையை முடித்து, கழுவித் துடைத்து வைத்துவிட்டுத்தான் கீழே போனேன். அப்போது கை அசைவது நின்று வெகு நேரமாகியிருந்தது. கதவைத் திறந்தபோது அடித்த அனலில் என் முகமே எரிந்தது. பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். பேட்டரி இறங்கிப் பாட்டு நின்றது எனக்குத் தெரியாது, வேலையில் கவனிக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். உங்களிடமும் அதையே எழுதிக் கொடுத்தேன். நீங்களும் முதலில் நம்பினீர்கள்.

மனைவி வந்தாள். எல்லாம் முடியும்வரை இருந்தாள். ஒரு நாள் காரைத் துடைக்கப் போனவள், கைப்பிடி இல்லாத கதவில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். உள்ளே வந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள். மகள் ஹாஸ்டலில்தான் சேர்ந்திருக்கிறாளாம். என் போனை எடுப்பதில்லை. வீடு இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது. நானும் பழையபடி நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறேன்.

குருவியை விட்டுவிடுங்கள். ஒயரைக் கட்டச் சொன்னது நான். பேட்டரி மாற்றாதது நான். நிழல் இல்லாத இடம் பார்த்து நிறுத்தியது நான். அண்ணனைக் கொன்றது நான்தான், அந்த வார்த்தை வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு இடம் மட்டும் தப்பு. அவரைக் காருக்குள் தனியாக விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படிவரைக்கும் போய்த் திரும்பியது தவிர, வேலை முடிகிறவரை ஜன்னலை விட்டு நான் நகரவே இல்லை. கடைசி வரைக்கும் அண்ணனை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.